இரண்டு மனசாக இருக்கும்போது ரோஜெட் தெசாரஸ் உதவுமா?

ரோஜெட் தெசாரஸ் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் "வாங்கலாம், ஆனா..." என்று இழுக்கிற ஆள் நான். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒரே ஒரு விஷயத்தை வைத்துச் சொல்லிவிடுகிறேன், புத்தகம் முழுவதையும் அலசினால் உங்களுக்கும் பொறுமை இருக்காது. மனசு ஒரு பக்கமாக நிற்காத நேரங்கள் இருக்கிறதே, பிடிச்சிருக்கு ஆனா பிடிக்கல, போகலாம் ஆனா வேண்டாம், சரியாத்தான் இருக்கும் ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது என்கிற மாதிரி, அப்போது ஆங்கிலத்தில் எழுத வார்த்தை தேடுகிறவருக்கு இந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? அதை மட்டும் பார்ப்போம். நாள் முழுக்க ஆங்கிலத்தில் மெயில் எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில் எனக்கு அதிகம் தேவைப்படுவது இந்த ரகச் சொற்கள்தான். "பிரமாதம்" என்று எழுத யாருக்கும் தெசாரஸ் தேவையில்லை.

தெரியாதவர்களுக்காக: இது அகராதி இல்லை. அர்த்தம் சொல்லாது, ஒரே பொருளைச் சுற்றி வருகிற ஆங்கிலச் சொற்களை ஒரு தலைப்பின் கீழ் கூட்டி வைக்கும். பீட்டர் மார்க் ரோஜெட் 1779ல் லண்டனில் பிறந்த மருத்துவர். அப்பா ஜெனிவாக்காரர் என்பதால் பெயரை "ரோஜே" என்றுதான் உச்சரிக்க வேண்டும், ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் பூ விற்கிற கடைக்கு வழி காட்டுவார்கள். 1805 வாக்கில் தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு சொற்பட்டியல் போட்டு வைத்துக்கொண்டவர், இடையில் ராயல் சொசைட்டி என்கிற லண்டன் அறிவியல் சங்கத்துக்குச் செயலாளராக இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பட்டியலைத் தூசி தட்டி விரிவாக்கி 1852ல் வெளியிட்டார். அப்போது வயது 73. எல்லாச் சொற்களையும் ஆறு பெரிய வகுப்புகள், அவற்றுக்குள் ஆயிரம் தலைப்புகள் என்று பொருளை வைத்துப் பிரித்தார், எழுத்து வரிசையை வைத்து இல்லை. நமக்கு இது புதுசு கிடையாது, நிகண்டு என்று சொன்னால் முடிந்தது. திவாகரம் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பன்னிரண்டு தொகுதியாகப் பிரித்தது பல நூற்றாண்டுகளுக்கு முன்னால். ரோஜெட்டே தன் முன்னுரையில், தனக்கு முன் இந்த வேலையைச் செய்தவர்கள் என்று சிலரைக் குறிப்பிடும்போது வடமொழி அமரகோசத்தையும், செராம்பூரில் 1808ல் அச்சான கோல்புரூக்கின் பதிப்பையும் சொல்கிறார். நம் நிகண்டுகள் அவர் காதுவரை போகவில்லை போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் புத்தகத்தின் உண்மையான பலம் சொற்களின் எண்ணிக்கை இல்லை, அது பிரித்து வைத்திருக்கிற விதம். தடுமாற்றம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிற ஒன்றை ரோஜெட் மூன்று வேறு வேறு வகுப்புகளில் கொண்டுபோய் வைக்கிறார். தெரியாததால் வருகிற தடுமாற்றம் அறிவைப் பற்றிய வகுப்பில், 475வது தலைப்பு, அன்சர்ட்டன்ட்டி. தெரிந்தும் முடிவெடுக்காமல் நிற்கிற தடுமாற்றம் மன உறுதியைப் பற்றிய வகுப்பில், 605, இர்ரெசல்யூஷன். உள்ளுக்குள் சந்தோஷமும் வருத்தமுமாகக் கிடந்து புரள்வது உணர்ச்சிகளைப் பற்றிய ஆறாவது வகுப்பில். (இந்த எண்களெல்லாம் பழைய பதிப்பில் உள்ளவை, புதியவற்றில் மாறியிருக்கும்.)

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு உதாரணம். நம் ஊர் ஆபீஸ்களில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம்: கன்ஃப்யூஸ்டு. ஷிஃப்ட் நேரத்தை மாற்றி ஒரு மெயில் வருகிறது, டீமில் ஒரு பெண் "ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு அபௌட் தி நியூ டைமிங்" என்று பதில் போடுகிறாள். அந்தப் பக்கம் இருக்கிற வெளிநாட்டு மேனேஜர் பாவம், மெனக்கெட்டு ஒரு அட்டவணை போட்டு, திங்கள் இத்தனை மணி, செவ்வாய் இத்தனை மணி என்று கலர் அடித்து அனுப்புகிறார். அவளுக்கு நேரம் புரியாமல் இல்லையே! சாயங்காலம் வண்டி கிடைக்காது, ஆனால் காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட வசதி, ஏற்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, அதுதான் விஷயம். "கன்ஃப்யூஸ்டா இருக்கு" என்று நாம் தமிழில் பேசும்போது அதில் எல்லாம் அடங்கிவிடும், ஆங்கிலக்காரருக்கு அது 475 மட்டும்தான், புரியவில்லை, விளக்கு. அவள் எழுதியிருக்க வேண்டியது "ஐ ஆம் இன் டூ மைண்ட்ஸ்" அல்லது "ஐ ஹேவ் மிக்ஸ்டு ஃபீலிங்ஸ்". எழுதுவதற்கு முன்னால் "எனக்குத் தெரியலையா, முடிவெடுக்க முடியலையா, மனசு ஒப்பலையா" என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் புத்தகத்தின் பொருளடக்கம்தான். அதற்காகவே காசு தகும்.

இனி "ஆனா".

605ஐத் திறந்தால் கொண்டாட்டமாக இருக்கும். ஹெசிடேட், வேவர், வேசிலேட், ஃபால்ட்டர் என்று மரியாதையாக இருக்கிற ஆட்கள் ஒரு பக்கம், டில்லி டாலி, ஹம் அண்ட் ஹா என்று வாயில் போட்டு மென்று பார்க்கிற மாதிரி சொற்கள் ஒரு பக்கம், "வில் அண்ட் வில் நாட்" என்றே ஒன்று, வருவேன் வரமாட்டேன் என்பது போல. அப்புறம் "ப்ளோ ஹாட் அண்ட் கோல்ட்". படிக்கச் சுகம். ஆனால் கல்யாண குரூப் போட்டோ மாதிரி எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், யார் சம்பந்தி, யார் வாடகைக்கு எடுத்த மேளக்காரர் என்று வெளியாளுக்குத் தெரியாது. ஹெசிடேட் என்று வாடிக்கையாளரைப் பற்றி எழுதலாம், ஒன்றும் ஆகாது. "நீங்கள் டில்லி டாலி பண்ணுகிறீர்கள்" என்று எழுதிப் பாருங்கள். சொல்லப்போனால் 605ல் இருக்கிற சொற்களில் பாதிக்கு மேல் அடுத்தவரைத் திட்டுவதற்கானவை, நீங்கள் உங்கள் தயக்கத்தைப் பணிவாகச் சொல்லப் போனால் உங்களையே கோழை என்று எழுதி வைத்துவிட்டு வருவீர்கள். புத்தகம் எச்சரிக்காது. அதன் கணக்கு என்னவென்றால் படிக்கிறவருக்கு ஏற்கெனவே ஆங்கிலம் ஊறியிருக்கிறது, சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, ஞாபகப்படுத்தினால் போதும். நமக்கு அப்படி இல்லையே.

அதனால் தனியாக ரோஜெட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எழுதாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. பக்கத்தில் ஒரு கற்போர் அகராதி இருந்தே ஆக வேண்டும். நான் சொல்வது ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் மாணவர்களுக்குப் பாடம் எடுத்த அனுபவத்தில் இருவருடன் சேர்ந்து தொகுத்து, 1942ல் டோக்கியோவில் முதலில் வந்து, 1948ல் ஆக்ஸ்போர்டு மறுபடி வெளியிட்ட புத்தகம் அது. தாய்மொழி ஆங்கிலமாக இல்லாதவனுக்கு எங்கே சறுக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, இரண்டு வரிக்குள்ளேயே அது தெரியும். "இன் டூ மைண்ட்ஸ்" என்று தேடினால் அமெரிக்காவில் "ஆஃப் டூ மைண்ட்ஸ்" என்பார்கள் என்று சொல்லும். "ஆம்பிவலென்ட்" (இரண்டு மனசாக இருக்கிற) என்றால் பின்னால் "அபௌட்" அல்லது "டுவர்ட்ஸ்" போடு என்று காட்டும். "மிக்ஸ்டு ஃபீலிங்ஸ்" பன்மையில்தான் வரும், "டோர்ன்" என்றால் "பிட்வீன்" வேண்டும், இதெல்லாம் அங்கே கிடைக்கும். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

"டூபியஸ்" என்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், இது பெரிய பள்ளம். "ஐ ஆம் டூபியஸ்" என்றால் எனக்குச் சந்தேகம். "ஹி இஸ் எ டூபியஸ் கேரக்டர்" என்றால் ஆள் சரியில்லை, அவன் மேல்தான் சந்தேகம். ஒரே சொல், யார் சந்தேகப்படுகிறார் யார் சந்தேகப்படப்படுகிறார் என்பது வாக்கியத்தைப் பொறுத்து மாறும். ரோஜெட்டின் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. "டவுட்"டும் அப்படித்தான். "சார், ஐ ஹேவ் எ டவுட்" என்று வகுப்பில் கை தூக்கிப் பழகிய நமக்கு டவுட் என்றால் கேள்வி. லண்டன்காரரிடம் அவருடைய திட்டத்தைக் கேட்டு முடித்துவிட்டு "ஐ ஹேவ் எ டவுட்" என்றால், உங்கள் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறீர்கள் என்று அவர் முகம் சுருங்கும். வெறுமனே "எ கொஸ்சன்" என்று சொல்லியிருந்தால் போதும்.

இப்போது எனக்கு இந்தப் புத்தகத்தின் மீதுள்ள பெரிய குறைக்கு வருகிறேன், மேலே சொன்னதெல்லாம் சில்லறை.

ரோஜெட் உலகத்தை ஜோடி ஜோடியாகப் பார்த்தவர். உறுதி என்றால் எதிரே உறுதியின்மை, நம்பிக்கை என்றால் எதிரே அவநம்பிக்கை. பழைய பதிப்புகளில் பக்கத்தை இரண்டு பத்தியாகக் கிழித்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் அதன் எதிர்ச்சொற்கள் என்று நேருக்கு நேர் அச்சடித்திருப்பார்கள். பார்க்க அழகு, தேடவும் வசதி. 827 ப்ளெஷர், 828 பெயின். இடது பக்கம் முழுக்கச் சந்தோஷம், ஜாய், டிலைட், ராப்சர் என்று ஏறிக்கொண்டே போகும். வலது பக்கம் முழுக்கத் துக்கம். நடுவில் ஒரு கோடு. இப்போது உங்கள் நெருங்கிய நண்பன் குடும்பத்தோடு கனடா போகிறான், பல வருடமாக அவன் ஆசைப்பட்டது, உங்களுக்கும் உண்மையாகவே சந்தோஷம், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் இனி யார் வீட்டுக்குப் போவது. வழியனுப்பு கார்டில் நாலு வரி எழுத வேண்டும். இடது பக்கம் எடுத்தால் பொய், வலது பக்கம் எடுத்தால் அபசகுனம். நீங்கள் தேடுவது சரியாக அந்தக் கோட்டின் மேல் இருக்கிறது, அங்கே அச்சு இல்லை.

அவர் நடுப்பக்கத்தை யோசிக்காதவர் என்று சொல்ல முடியாது. முன்னுரையில் இதைப் பேசுகிறார். சில ஜோடிகளுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு, தொடக்கம் நடு முடிவு என்பது போல. இன்னும் சிலவற்றில் நடுவில் இருப்பது இரண்டும் இல்லாத நிலை, அதற்கு அவர் தருகிற உதாரணங்களில் ஒன்று விருப்பம், அலட்சியம், வெறுப்பு. கவனித்தீர்களா? விருப்பத்துக்கும் வெறுப்புக்கும் நடுவே அவர் வைப்பது இன்டிஃபரன்ஸ், அதாவது இதுவும் இல்லை அதுவும் இல்லை, எப்படிப் போனால் எனக்கென்ன. இதுவும் உண்டு அதுவும் உண்டு, இரண்டுமே முழுசாக உண்டு என்கிற மனசுக்கு அவர் கட்டிய வீட்டில் அறை இல்லை. தமிழ்நாட்டில் ஆங்கிலம் எழுதுகிறவர்கள் "ஆம்பிவலென்ட்" என்ற சொல்லை "எனக்கு எப்படியிருந்தாலும் ஓகே" என்கிற அர்த்தத்தில் போடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதே குழப்பம்தான் இது, இல்லாமையையும் இரட்டிப்பையும் ஒன்றாக எண்ணுவது. ஆம்பிவலென்ட் ஆன ஆளுக்கு எல்லாம் ஓகே கிடையாது, அவருக்குத் தூக்கம் வராது.

அந்தச் சொல்லையே ரோஜெட் பார்த்திருக்க வழியில்லை. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஓய்கன் ப்ளாய்லர், ஸ்கிட்சோஃப்ரினியா என்ற பெயரையும் வைத்தவர், 1910 வாக்கில் ஜெர்மனில் உருவாக்கிய சொல் அது. முதலில் நோய்க்குறியாக வந்து, பிராய்டு கைக்குப் போய், அப்புறம்தான் ஆங்கிலத்தில் வேலையை விடலாமா வேண்டாமா என்கிறவர் வரைக்கும் இறங்கியது. ரோஜெட் இறந்தது 1869ல். கசப்பும் இனிப்பும் கலந்தது என்கிற "பிட்டர்ஸ்வீட்" வேண்டுமானால் பழைய சொல், அந்தப் பெயரில் சிவப்புப் பழம் காய்க்கிற ஒரு கொடிகூட இங்கிலாந்து வேலியோரங்களில் உண்டு. நண்பனின் கார்டுக்கு அது பொருந்தும், நான் என்றால் அதையும் போடாமல் "ஹாப்பி ஃபார் யூ, சேட் ஃபார் மீ" என்கிற மாதிரி பச்சையாக எழுதிவிடுவேன். ரோஜெட்டின் வாழ்க்கை ஒன்றும் சமதளமாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாலு வயதில் அப்பாவை இழந்தவர், வளர்த்து ஆளாக்கிய மாமா சாமுவேல் ரோமிலி 1818ல் மனைவி போன துக்கத்தில் தற்கொலை செய்துகொண்டபோது மருத்துவராகப் பக்கத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர் சந்தோஷத்தையும் துக்கத்தையும் கோடு போட்டுத் தனித்தனியாக வைக்க விரும்பியதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

இன்னொரு குறை, இது ரோஜெட்டுக்கு மட்டும் உரியது இல்லை, எல்லாத் தெசாரஸுக்கும் உள்ளது. ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் தங்கள் சந்தேகத்தைப் பெரிய பெயர்ச்சொற்களில் சொல்வதே அபூர்வம். மைட், குட், ஐ சப்போஸ், சார்ட் ஆஃப், நாட் ஷூர் ஐ... இந்தப் பொடிச் சொற்களில்தான் முக்கால்வாசி வேலையும் நடக்கிறது. "இட் மைட் வர்க்" என்பதில் இருக்கிற தயக்கத்தை "தேர் இஸ் கன்சிடரபிள் இன்செர்டிட்யூட்" என்று எழுதினால் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும். தெசாரஸ் உங்களை இரண்டாவதை நோக்கித்தான் தள்ளும், ஏனென்றால் அதனிடம் இருப்பது அது.

அளவும் சொல்லாது. பாசிபிள், ப்ராபபிள், லைக்லி எல்லாம் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், எது எவ்வளவு என்று தெரியாது. இது தேசங்களையே சிரமப்படுத்தியிருக்கிறது. 1951ல் அமெரிக்க உளவுத்துறை அறிக்கை ஒன்று, அந்த வருடம் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்க "சீரியஸ் பாசிபிலிட்டி" இருப்பதாக எழுதியது. எழுதியவர்களில் ஒருவர் ஷெர்மன் கென்ட். வெளியுறவுத் துறைக்காரர் ஒருவர் அதற்கு என்னதான் அர்த்தம் என்று கேட்க, இவர் நூற்றுக்கு 65 என்றார். கேட்டவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, அவர் ரொம்பக் குறைவாக நினைத்துக்கொண்டிருந்தார். சரி என்று கென்ட் அந்த வாசகத்தை ஒப்புக்கொண்ட சகாக்களை விசாரித்தால் ஒருவர் மனதில் 20, இன்னொருவர் மனதில் 80! 1964ல் அவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, "ஆல்மோஸ்ட் சர்ட்டன்" என்றால் 93 விழுக்காடு பக்கம், "ப்ராபபிள்" என்றால் 75 பக்கம் என்று பட்டியலே போட்டார். இன்றைக்கும் ஐநாவின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி அறிக்கைகளில் "லைக்லி" என்று வந்தால் 66 விழுக்காடும் அதற்கு மேலும், "வெரி லைக்லி" என்றால் 90ம் அதற்கு மேலும் என்று கணக்கு இருக்கிறது. நம் ஆபீஸ் மெயில்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும், லைக்லி" என்று எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு எண்ணையும் போட்டால் எதிர்முனையில் இருப்பவர் நிம்மதியாக இருப்பார்.

அப்படியானால் நான் இதை ஏன் இன்னும் மேஜையில் வைத்திருக்கிறேன்? பிரிப்பதற்கு. எந்த ரகத் தடுமாற்றம் என்று கண்டுபிடிக்க ரோஜெட், கண்டுபிடித்த சொல்லை எப்படிப் போடுவது என்று பார்க்க ஹார்ன்பி வழி வந்த அகராதி, கடைசியில் இரண்டையும் மூடி வைத்துவிட்டு அதைவிட எளிய சொல் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு யோசனை. பெரும்பாலும் இருக்கும். வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், சொல்வளத்துக்கு மதிப்பெண் உண்டு என்பதற்காக ரோஜெட்டிலிருந்து சந்தேகத்துக்கு "டூபைட்டி"யைப் பொறுக்கி எடுத்துப் பேச்சுத் தேர்வில் விட்டெறியாதீர்கள், பொருத்தமாக வருகிற ஒரு "ஐ ஆம் டோர்ன்" அதைவிட இயல்பாகக் காதில் விழும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அட்டையில் ரோஜெட் என்று போட்டிருக்கிறதே என்று நம்பி எடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதனால் எழுத்து வரிசையில் அடுக்கிய சாதாரண ஒத்தசொல் புத்தகங்களும் இதே பெயரில் சுற்றுகின்றன. அவற்றில் நான் சொன்ன எந்தப் பலமும் கிடையாது. உள்ளே எண் போட்ட தலைப்புகள் இருக்கிறதா, பின்னால் தடிமனாக ஒரு அகரவரிசைச் சொல்லடைவு இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், இரண்டும் இருந்தால்தான் அசல் வம்சம். சொல்லடைவு எழுத்து பொடியாக இருக்கும், நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியோடு கடைக்குப் போகவும். காசு போட யோசனையாக இருந்தால் 1911 பதிப்பு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது, முதலில் அதை இறக்கி 605ஐத் தேடிப் படித்துப் பாருங்கள், சிரிப்பு வந்தால் அச்சுப் புத்தகம் வாங்குங்கள்.